பிள்ளைக் காம்பராவின் தேர்வாளர்

ஆயம்மாவின் குரல் செய்தியைக் கேட்பதென்றால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். முதலில் ஒரு குழந்தை வீறிடும். அதைப் பார்த்து இன்னொன்று தொடங்கும். கரண்டி ஒன்று சீமெந்துத் தரையில் விழும். "வாயத் தொற, இன்னும் ஒரு வாய்தான்" என்று யாரையோ கெஞ்சுவார். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வருவார்.

"யோகன், நான் சொல்றத கேளு. அந்தக் கீழ் டிவிசன் குண்டுப் பயலுக்காக ரெண்டு பேர குடுக்கலாம்னு நீங்க பேசுறது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அவனுக்கு இப்பவே முப்பது வயசு. ரெண்டு வருசத்துக்கு எழுதி வாங்குனா ரெண்டாவது வருசம் அவன் ஓட மாட்டான், உருளுவான்."

இது எங்கள் மேல் டிவிசன் மென்பந்துக் கிரிக்கெட் அணியின் வாட்ஸ்அப் குழு. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில், மூடுபனி விலகினால் பந்து தெரியும், விலகாவிட்டால் சத்தம் மட்டும் கேட்கும் என்கிற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டமும் லயம் எனும் வரிசை வீடுகளும். குழுவில் நாற்பது பேருக்கு மேல். யோகன் அணித்தலைவன். நான் செயலாளர். ஆடத் தெரியாதவனுக்கு எல்லாக் கழகத்திலும் கொடுக்கிற பதவி அது. பெண் என்று குழுவில் இருந்தது ஆயம்மா ஒருவர்தான். சேர்க்கச் சொல்லி அவர் கேட்டபோது யோகன் இழுத்தான். "நீங்க என்ன குண்டா செய்யிறீங்க, ரகசியமா பேசுறதுக்கு?" என்று கேட்டார். அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.

ஆயம்மா என்பது அவருடைய பெயரல்ல. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவரை அப்படித்தான் அழைப்போம். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது ஆறு மாதக் கைக்குழந்தை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பலகை தொங்குகிறது, ஆனால் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் டிவிசனில் இருபத்து மூன்று வருடங்கள் அந்தக் காம்பராவில் இருந்தவர் அவர். அதாவது எங்கள் அணியில் பாதிப் பேரை அவர்தான் தூக்கி வளர்த்தார். பிள்ளைக் காம்பரா விளையாட்டு மைதானத்துக்கு நேர் மேலே இருந்தது. ஒரு சன்னலில் நின்றால் விக்கெட் முழுவதும் தெரியும்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் நடப்பது மூன்று ஞாயிற்றுக்கிழமை. பேச்சு நடப்பது மிச்சமுள்ள வருடம் முழுவதும். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் எட்டு அணிகள் பொங்கல் கிண்ணத்துக்கு ஆடும். தீபாவளி முடிந்ததிலிருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் 'ஆள் மாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு அணிகளும் சம்மதித்தால் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். மாறிப் போனவன் இரண்டு வருடம் புது அணிக்குத்தான் ஆட வேண்டும். பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளில் இரண்டு தலைவர்களும் ஒப்பமிடுவார்கள். அந்தத் தாளுக்காக நடந்த சண்டைகளை எழுதினால் ஒரு புத்தகம் வரும். யாரை விடுவது, யாரை வாங்குவது, இருக்கிற நட்சத்திரத்தை வைத்து இந்த வருடமே கிண்ணத்தைப் பிடிப்பதா, அல்லது சின்னப் பையன்களைச் சேர்த்து நாலு வருடம் பொறுப்பதா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், பஸ்ஸில், கோயில் வாசலில், சாவு வீட்டில்கூட இதுதான் பேச்சு.

இதில் ஆயம்மாவிடம் மற்ற யாரிடமும் இல்லாத ஒரு கோளாறு இருந்தது. எந்த மனிதனையும் அவன் இன்று இருக்கிற நிலையில் அவரால் பார்க்க முடியாது. இரண்டு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று ஒரு பார்வை, இன்னும் ஐந்து வருடத்தில் எப்படி ஆவான் என்று ஒரு பார்வை. நடுவில் நிற்கிற ஆளைக் கண்டுகொள்ளவே மாட்டார்.

ஒரு வருடம் கீழ் டிவிசன்காரர்கள் எங்கள் அடித்தாடும் ஆட்டக்காரன் ஒருவனைக் கேட்டார்கள். பதிலுக்கு இரண்டு பெயர் சொல்லி, விரும்பியவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒருவன் நன்றாக அடிப்பவன். மற்றவன் பெயருக்குச் சேர்க்கப்பட்டவன், தண்ணீர் போத்தல் தூக்குகிறவன். குழுவில் எல்லோரும் முதல் ஆளுக்குக் கை தூக்கினோம். ஆயம்மாவின் செய்தி வந்தது.

"ரெண்டாவது பயல எடுங்க. அவன் அம்மா நம்ம ரெண்டாம் லயத்துப் பொண்ணு. அவனுக்கு ஒன்றரை வயசு வரைக்கும் நம்ம காம்பராவுலதான் இருந்தான். எத்தனவாட்டி விழுந்தாலும் அழுவ மாட்டான். விழுந்த எடத்துலயே கெடந்து, கையில இருந்தது எங்க உருண்டு போச்சுன்னுதான் பாப்பான். அவன விக்கெட்டுக்குப் பின்னால உக்கார வைங்க."

யோகன் சிரித்தான். "ஒன்றரை வயசுல விழுந்தத வச்சா கீப்பர் எடுக்கச் சொல்றீங்க?"

"நீ ஒன்றரை வயசுல அடுத்த புள்ள டம்ளர புடுங்குவ. இப்ப கூட ஆடுறவன பாதி வழியில நிறுத்தி ரன் அவுட் ஆக்குற. என்ன மாறிப் போச்சு?"

குழுவில் அன்று முழுவதும் சிரித்து உருளும் மஞ்சள் முகங்கள்தான் வந்தன. கோபத்திலா பிடிவாதத்திலா தெரியவில்லை, யோகன் அந்த இரண்டாவது பையனையே எடுத்தான், ஆயம்மாவின் மூக்கை உடைக்க வேண்டும் என்று. அந்தப் பையன் ஆறு வருடம் எங்கள் விக்கெட் காப்பாளராக இருந்தான். அவன் கையிலிருந்து நழுவிய பந்துகளை எண்ண ஒரு கை விரல் போதும். யோகனின் மூக்குக்குத்தான் சேதம்.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொன்னால் அது பொய். நாலாம் லயத்து இரட்டையர்களைக் காட்டி, இவர்கள் வளர்ந்தால் எட்டு அணியும் நடுங்கும் என்றார். அந்த இரண்டு பேரும் வளர்ந்து, ஒருவன் தையல் படித்தான், மற்றவன் தேவாலயத்தில் கீபோர்ட் வாசிக்கிறான். பந்தைக் கண்டாலே இருவரும் தலையைக் குனிவார்கள். "வீட்டுல வெளையாட விடல, அதான்" என்று கடைசி வரை சாதித்தார். ஒரு தடவை மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பிளாஸ்டிக் கோப்பையைச் சன்னல் வழியாக எறிந்து மைதானத்து ஓரம் வரை விழ வைத்தாள் என்பதற்காக, "பவுண்டரியில நிக்க ஒரு ஆளு ரெடி, பன்னெண்டு வருசம் பொறுங்க" என்று செய்தி அனுப்பினார். "அது பெண் பிள்ளை, ஆயம்மா" என்று யாரோ எழுதினார்கள். "கோப்பைக்கு அது தெரியாது" என்று பதில் வந்தது.

சுதாகர் கதைக்கு வருகிறேன். அவன்தான் எங்கள் நட்சத்திரம். இடது கை வேகப் பந்துவீச்சாளன். மென்பந்தை அவ்வளவு வேகமாக எறிய முடியும் என்று நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. அவன் இடது கைக்காரனாக இருப்பதே ஆயம்மாவால்தான். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் அவனுக்கு இடது கைதான் நீளும். அவன் அம்மா அந்தக் கையில் தட்டித் தட்டியே வலது கைப் பழக்கம் ஏற்படுத்தப் பார்த்தார். ஆயம்மா தலையிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "சோத்துக்கு வலது கை. மத்ததுக்கெல்லாம் அவன் இஷ்டம். இனிமே அந்தக் கையில அடிச்சா புள்ளைய எங்கிட்ட விடாத." சுதாகர் இன்றும் அப்படித்தான். வலது கையால் சாப்பிடுகிறான், மிச்ச எல்லாவற்றுக்கும் இடது.

அவனை வைத்துக்கொண்டே மூன்று வருடம் தொடர்ந்து இறுதிப் போட்டியில் தோற்றோம். நான்காவது வருடம் மறுபடியும் இறுதிக்கு வந்தோம். இந்தத் தடவை தோற்றால் இனி மைதானத்துப் பக்கம் போக முடியாது என்கிற நிலை. எதிரணிக்காரர்கள் எங்களைக் கண்டால் வாழ்த்துச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள், இரண்டாம் இடத்துக்கு.

அந்த இறுதிப் போட்டிக்கு முந்திய வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது.

எங்கள் லயங்களுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கு வரச் சொல்லும் கடிதம் கையில் கிடைத்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். நானே அதில் ஒருவன். பதுளையில் ஒரு தொழிற்பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. கடிதம் ஆபீஸ் அலுமாரிக்குள் மூன்று வாரம் கிடந்தது. அதனால்தான் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே விலாசம் கேட்ட இடங்களிலெல்லாம் சுதாகர் என் கடை விலாசத்தைக் கொடுப்பான். அவன் போன் மழையில் நனைந்து செத்திருந்ததால் நம்பரும் என்னுடையதுதான். வருகிற கடிதத்தை நானே பிரித்து வாசித்துச் சொல்வேன், என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கடிதம் கொழும்பில் ஒரு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து. கம்பனிகளுக்கு இடையில் நடக்கும் போட்டிகளுக்கு அவர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். பதுளையில் நடந்த ஒரு போட்டியில் சுதாகர் பந்து வீசியதை அவர்களுடைய ஆள் பார்த்திருக்கிறார். பொதி செய்யும் பிரிவில் வேலை, அணியில் இடம். அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தக் கடிதத்துடன் நேரில் வர வேண்டும். எங்கள் இறுதிப் போட்டி மறுநாள் ஞாயிறு.

நான் செய்ததை நான் செய்ததாகவே சொல்கிறேன். கடிதத்தை உறையோடு மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்தேன். போட்டி முடிந்து திங்கட்கிழமை கொடுக்கலாம், தபால் பிந்திவிட்டது என்று கம்பனிக்குச் சொல்லலாம், தோட்டத்தில் தபால் பிந்துவது ஊரறிந்த விசயம், யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையைக் கெடுத்த அதே காரணத்தை எடுத்து இன்னொருவன் வாழ்க்கைக்கு நானே பூட்டாகப் போட்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. அப்போது சுடவில்லை. கிண்ணம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சியில் யாரோ தூக்கி அடித்த பந்து பிள்ளைக் காம்பராக் கூரையில் விழுந்து வாசலுக்கு உருண்டது. எடுக்க நான் போனேன். பிள்ளைகளை அம்மாமார் கூட்டிப் போய்விட்டார்கள். ஆயம்மா தொட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பந்தைக் காலாலேயே என் பக்கம் உருட்டிவிட்டார். நான் எடுத்தேன், போகத் திரும்பினேன்.

"நில்லு. கைய முன்னால கொண்டா."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"மூணு வயசுல பிஸ்கட்ட ஒளிச்சா நீ இப்படித்தான் நிப்ப. கால்சட்டைப் பைக்குள்ள பிஸ்கட்டு, கை ரெண்டும் முதுகுல. ஒரு வாரமா பாக்கிறேன், மைதானத்துல அப்படியே நிக்கிற. என்னத்த வச்சிருக்க?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டினேன். கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. "வாசி" என்றார். வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆள் மாத்துத் தாளைப் பார்ப்பது போலக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"நெரந்தர வேலையா?"

"ஆறு மாசம் தகுதிகாண் காலம். அதுக்கப்பறம் நெரந்தரம்னு போட்டிருக்கு."

"வெளையாடுற வரைக்கும்தான் வேலைன்னு எங்கயாவது இருக்கா? நல்லா பாரு. தோள்பட்டை போயிட்டா அனுப்பிருவாங்களா?"

பார்த்தேன். அப்படி இல்லை. வேலை வேறு, ஆட்டம் வேறு என்றுதான் இருந்தது.

"ஈபிஎஃப்?"

"இருக்கு."

"தங்க எடம்?"

"ஹொஸ்டல் குடுக்கிறாங்க."

"நல்ல ஒப்பந்தம்" என்றார். அதற்குப் பிறகுதான், "எப்ப போகணும்?" என்று கேட்டார்.

"நாளைக் கழிச்சு."

மடித்துக்கொண்டிருந்த துணி அவர் கையில் அப்படியே நின்றது. "எப்ப வந்துச்சு?"

சொன்னேன்.

"இப்ப போன் போடு. திங்கக்கிழமை வந்தா ஏத்துக்குவாங்களான்னு கேளு. என் முன்னாலயே கேளு."

போட்டேன். ஆயம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரியே எடுத்தார். நல்ல மனிதர், கெட்டியான சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். சனிக்கிழமை மருத்துவப் பரிசோதனைக்கு எல்லாம் ஏற்பாடு செய்தாயிற்று, இனி மாற்ற முடியாது, வராவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: போன வாரமே அழைத்திருந்தால் திங்கட்கிழமைக்கு மாற்றிக் கொடுத்திருப்போமே, இறுதிப் போட்டியின் அருமை எங்களுக்குத் தெரியாதா?

போனை வைத்தேன். நான் கடிதத்தைக் கொடுத்திருந்தால் அவன் ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுப் போயிருப்பான். கிண்ணத்துக்காக ஒளித்தேன், ஒளித்ததாலேயே கிண்ணமும் போனது. இது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் எனக்கு எதிரே தொட்டில் துணியோடு நின்றார்.

எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம்தான் வந்தது. "இந்த ஒரு மேட்ச் ஆயம்மா. நாலு வருசம்! அவன் போனா டீமே இல்ல. டீம கட்டணும் கட்டணும்னு நீங்கதானே எப்பவும் சொல்றது!" என்று கத்தினேன்.

"அவன் இருந்தும் மூணு பைனல்ல தோத்தாச்சு. நாலாவதையும் அவன் இல்லாமலே தோத்துப் பாரு, ஒண்ணும் ஆயிறாது" என்றார். பிறகு கடிதத்தை என் கையிலேயே திணித்தார். "நான் குடுக்க மாட்டேன். நீதான் குடுக்கணும். இருட்டுறதுக்குள்ள குடு."

கொடுத்தேன். அவன் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் வந்தது என்று சொன்னேன். அந்தப் பொய் தடங்கலில்லாமல் வந்தது. சுதாகர் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான். "பைனல் இருக்கே அண்ணே" என்றான். அவன் முகத்தில் சந்தோசத்தை விடப் பயம்தான் இருந்தது. நாற்பது பேரையும் யோகனையும் எப்படிப் பார்ப்பது என்கிற பயம். ஆயம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன் என்று எழுந்து போனான்.

மறுநாள் காலை பெரட்டுக்கு முன்பே குழுவில் ஆயம்மாவின் செய்தி இருந்தது. முதல் தடவையாகப் பின்னால் எந்தக் குழந்தையும் அழவில்லை. "சுதாகருக்குக் கொழும்புல வேலை வந்திருக்கு. இன்னைக்குக் காலையில ரயிலுக்குப் போறான். அவன் யோசிச்சுக்கிட்டு நின்னான், நான்தான் போகச் சொன்னேன். யாரும் அவன மறிக்கக் கூடாது. பேச வேண்டியது இருந்தா எங்கிட்ட வந்து பேசுங்க."

யோகன் பேச வந்தான். பத்துப் பேரோடு பிள்ளைக் காம்பரா வாசலுக்கே வந்தான். நானும் அந்தப் பத்துப் பேரில் ஒருவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு வெளியே வந்தார்.

"ரெண்டு நாள் பொறுத்துப் போகச் சொல்லியிருந்தா என்ன? கம்பனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல? அதக்கூட கேக்கல நீங்க! மூக்குச்சளி தொடைக்கிற ஆளுக்கு டீம் விசயத்துல என்ன வேலை?"

இதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை அவர்.

"ஆமாப்பா, கேக்கத் தோணல. என் தப்புதான்" என்றார். பிறகு, "ஒம் மூக்கையும் நான்தான் தொடைச்சேன். போய் பெரட்டுக்கு நேரத்துக்கு நில்லு."

சுதாகர் போனான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தோற்றோம், கேவலமாகத் தோற்றோம். அன்று பின்னேரமே யோகன் ஆயம்மாவைக் குழுவிலிருந்து நீக்கினான். கொஞ்ச நாள் சில தாய்மார்கூட அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களுடைய கணவன்மார் வீட்டில் என்ன சொன்னார்களோ. அவர் வழக்கம் போலக் காலையில் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார், பின்னேரம் திருப்பிக் கொடுத்தார். நானும் குழுவின் நிர்வாகிதான். ஒரு விரலை அழுத்தினால் அவரைத் திரும்பச் சேர்க்கலாம். அதற்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

சேர்த்த அன்று அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமான வீறிடலுக்கு நடுவில், "பதினாறு வயசுக்குக் கீழ நாலு பயலுக இருக்கானுங்க, ஞாயித்துக்கிழமையில அவனுகளுக்குத் தனியா பந்து போட்டுப் பழக்குங்க. இந்த வருசமும் அடுத்த வருசமும் தோத்தாலும் பரவால்ல, பெரிய ஆள் யாரையும் வாங்காதீங்க" என்றார். யோகனுக்குக் காதில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. என்னால் வேறு எப்படி ஈடு செய்வது என்று தெரியாமல், இரண்டு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் அந்த நாலு பேருக்குப் பின்னால் அலைந்தேன். மழைக்கு மழை நனைந்தேன். அவர்கள் வீட்டுக்காரர்களிடம் கெஞ்சினேன். மூன்றாவது பொங்கலுக்குக் கிண்ணம் எங்களுக்கு வந்தது. ஆயம்மா சன்னலில் நின்று பார்த்தார். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அதைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் தூக்கிப் பிடிப்பதிலேயே குறியாக இருந்தார்.

இப்போது அவர் வேலையிலிருந்து நின்று, வவுனியாவில் மகள் வீட்டில் இருக்கிறார். கடித விசயம் இன்று யோகன் முதல் எல்லோருக்கும் தெரியும், நானே சொல்லிவிட்டேன். யோகன் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வவுனியா வரை போய் அவர் காலில் விழுந்துவிட்டு வந்தான். ஆனால் நான் முதலில் சொன்னது சுதாகரிடம்.

கிண்ணம் வென்ற அந்தப் பொங்கலுக்கு அவன் லீவில் வந்திருந்தான். வேலை நிரந்தரமாகி, மேற்பார்வையாளராகியிருந்தான். மைதானத்து மேட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் என் தோளில் தட்டி, நீங்கதாண்ணே இந்த டீம எழுப்பினீங்க என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கடிதம் ஒன்பது நாள் என் பையில் இருந்தது என்று சொன்னேன்.

"தெரியும்ணே" என்றான்.

"எப்படி?"

"உறையில பண்டாரவளை தபால் கந்தோர் முத்திரை இருந்துச்சே. தேதி போட்டிருந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்."

மூன்று வருடம் இவன் இதைத் தெரிந்துகொண்டே எனக்குத் தீபாவளிக்குத் தீபாவளி சட்டை வாங்கி வந்திருக்கிறான். "அப்ப ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேக்கத்தான் கெளம்புனேன். அடிக்கத்தான் கெளம்புனேன், உண்மையச் சொன்னா. மொதல்ல ஆயம்மாகிட்ட போனேன்ல, அவங்க கதவ மறிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. 'நீ போறவன். அவன் இங்கயே இருக்கப் போறவன். நீ போன பொறகு இந்தப் பயலுகள கூட்டிக் கட்டி டீம எழுப்புறதுக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான். போற போக்குல அவன ஒடைச்சுப்புட்டுப் போயிறாத'ன்னாங்க."

நாற்பது பேரின் ஏச்சையும் அந்த அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாய்விட்டு அழுதேன், மைதானத்தில் நாலு பேர் பார்க்க அழுதேன். "அதுக்கு நான் தகுதியான ஆளே இல்லடா" என்றேன்.

"நானும் அதத்தாண்ணே சொன்னேன்" என்றான் சுதாகர். "'இப்ப இல்லதான், ஆயிருவான்'னாங்க."